மேய்க்காலுக்கு ஊதா நிறம்: முழுமைத் திட்டத்துக்கு ஆட்சேபணை கொடுத்த அனுபவம்

ஊரின் பெயரைப் போடவில்லை. கோப்பு இன்னும் மேசையில் இருக்கிறது. மேற்கு மாவட்டம் ஒன்றில், மாநகராட்சி எல்லை வந்து முட்டிக்கொண்டிருக்கும் கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு நான் செயலாளர். எங்களுக்குப் பால் ஊற்றுபவர்களில் பாதிப்பேருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவர்களுடைய மாடுகள் ஊருக்கு வடக்கே உள்ள மேய்க்கால் புறம்போக்கை, அதாவது மேய்ச்சலுக்கென விட்ட அரசு நிலத்தை, நம்பித்தான் இருக்கின்றன. எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று வரைபடத்தில் நிறம் போட்டுச் சொல்லும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) புதிய வரைவு நகரத்துக்கு வந்தபோது அந்த நிலம் முழுவதும் ஊதா. ஊதா என்றால் தொழிற்சாலைப் பயன்பாடு.

வரைவு வெளியானால் ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் சொல்கிறது. நாளிதழ் விளம்பரம் யார் கண்ணிலும் படவில்லை. நிலத் தரகர் ஒருவர் டீக்கடையில் பெருமையாகச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. தரகர்களுக்கு மட்டும் எப்படி முதலில் தெரிகிறது என்று கேட்காதீர்கள்.

ஊரில் உடனே ஒரு மனு தயாரானது. "வாயில்லா ஜீவன்களின் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்று தொடங்கி இரண்டு பக்கம், கீழே நூற்றுக்கணக்கான கையெழுத்துகள், கைநாட்டுகள். உருக்கமான மனுதான். ஆனால் அதில் ஒரு புல எண் (சர்வே நம்பர்) கூட இல்லை. மனுவைப் படிக்கிற அதிகாரி வரைபடத்தில் எந்த இடத்தில் விரலை வைப்பார்? அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு மாதிரி எழுதலாம் என்றேன். பெரியவர்கள் சிலருக்குக் கோபம்.

முதல் வேலை 'அ' பதிவேடு, அதாவது கிராமத்தின் நிலக் கணக்கு. ஒவ்வொரு புல எண்ணும் ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா) அரசு நிலமா, பரப்பு எத்தனை ஹெக்டேர், கடைசிப் பத்தியில் என்ன குறிப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். இப்போது அரசின் இணைய சேவையிலேயே அந்த எண்ணுக்கான பகுதியையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுத்துவிடலாம். எடுத்துப் பார்த்தால், நாங்கள் ஒரே நிலம் என்று நினைத்திருந்தது ஐந்தாறு எண்களாகப் பிரிந்து கிடந்தது. பெரும்பகுதி மேய்க்கால். ஓரத்தில் ஒரு துண்டு தீர்வை ஏற்படாத (நிலவரி விதிக்கப்படாத) தரிசு. நடுவே வண்டிப்பாதை. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, நாடா போல ஒல்லியாக ஒரு எண்: ஓடைப் புறம்போக்கு. எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வருவது அந்த ஓடை வழியாகத்தான். வரைவு வரைபடத்தைக் கணினியில் எழுத்துகள் புள்ளிபுள்ளியாக உடையும் வரை பெரிதாக்கிப் பார்த்தோம். ஓடையே இல்லை. அதன் மேலும் ஊதா ஓடியிருந்தது.

எங்களுக்குப் பிடி கிடைத்தது அங்கேதான். 1980-களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யுடிஆர் பதிவுக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, கேட்டு வாங்கினோம். அதிலும் ஓடை இருந்தது. கால்நடை மருந்தகத்தில் ஊரின் மாட்டுக் கணக்கை எழுதி வாங்கினோம். கிராம சபையில் தீர்மானம் போட்டோம். தீர்மானத்தின் வாசகத்திலேயே ஒவ்வொரு புல எண்ணும் வந்தாக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஊராட்சிச் செயலர் சலித்துக்கொண்டே எழுதினார். ஆட்சேபணை கடைசியில் ஒன்றரைப் பக்கம்தான், மற்றதெல்லாம் இணைப்பு.

விசாரணைக்கு அழைப்பு வந்தது. கூடத்தில் பெரும்பாலோர் எங்களுக்கு எதிர்த்திசையில் வந்தவர்கள். பச்சையாகக் காட்டப்பட்டிருந்த தங்கள் விவசாய நிலத்தைக் குடியிருப்பு மஞ்சளாக்கக் கேட்டவர்கள். எங்கள் முறை வந்ததும் அதிகாரி கேட்டது ஒரே கேள்வி.

"இது உங்கள் பட்டா நிலமா?"

"இல்லை சார், அரசு நிலம்."

"அரசு நிலத்தில் என்ன வர வேண்டும் என்று அரசுதானே முடிவு செய்யும்? நீங்கள் எப்படி ஆட்சேபிக்க முடியும்?"

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 134-ஆவது பிரிவு மேய்ச்சல் தரை, களம், மந்தை, வண்டிப்பாதை, சுடுகாடு ஆகியவற்றை ஊராட்சியின் பொறுப்பில் வைக்கிறது என்பதைச் சொல்லித் தீர்மானத்தை நீட்டினேன். பிறகு ஓடையின் புலப்படத்தை வரைவு வரைபடத்தின் மேல் வைத்துக் காட்டினேன். மேய்க்காலைப் பற்றிப் பேசியபோது தலையை மட்டும் ஆட்டியவர், ஓடையைப் பார்த்ததும் உதவியாளரைக் கூப்பிட்டு எண்களைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

நகரம் வளர இடம் வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல நான். ஊர்ப் பிள்ளைகளுக்கும் தொழிற்சாலை வேலை வேண்டும். ஆனால் பட்டா நிலத்தைக் கையகப்படுத்தினால் இழப்பீடு, வழக்கு, போராட்டம். புறம்போக்கென்றால் காகிதத்தில் முடிந்துவிடும். அதனால்தான் திட்டம் போடுகிறவர்களின் பேனா முதலில் அங்கே போகிறது. சென்னையின் பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு நிலத்தில் குப்பைக் கிடங்கும் அலுவலகங்களும் சாலைகளும் வந்து உட்கார்ந்த பிறகு, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது 1,247 ஹெக்டேர். போன நிலம் எல்லாமே திருட்டுப் போனதல்ல. முறைப்படி ஒதுக்கப்பட்டதும் அதில் உண்டு.

இறுதித் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது பாதி. ஓடை மீண்டும் வரைபடத்தில் ஏறியது. அதற்கு வடக்கே உள்ள பகுதி விவசாயப் பயன்பாட்டுக்குத் திரும்பியது. நெடுஞ்சாலையை ஒட்டிய தெற்குப் பகுதி ஊதாவாகவே நின்றுவிட்டது.

வரைபடத்தில் நிறம் மாறினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஊதா நிறம் நிலத்தை யாருக்கும் கொடுத்துவிடாது. பச்சை நிறம் காப்பாற்றியும் விடாது. நிலத்தை இன்னொரு துறைக்கோ நிறுவனத்துக்கோ மாற்றித் தருவது வருவாய்த் துறையின் தனிக் கோப்பு. கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கி வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியர் என்று ஏறி நில நிர்வாக ஆணையர் வரை போகும். அதற்கு இடையில் ஊரில் ஆட்சேபணை கேட்டு 'ஏ1' அறிவிப்பு ஒட்டுவார்கள். இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. ஆகவே இரண்டையும் நாம்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் ஏ1 அறிவிப்பு சாவடியின் உட்சுவரில், பழைய தேர்தல் சுவரொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. பால் எடுக்கப் போன பையன் கைப்பேசியில் படம் எடுத்து வந்தான். தெற்குப் பகுதிக்கு ஈடாக வேறொரு நிலத்தை மேய்க்காலாக வகைப்படுத்தலாம் என்பது அதிலிருந்த யோசனை. அந்த மாற்று நிலம் ஊருக்கு மேற்கே ஒரு கரடு. பாறைக்கு நடுவில் முள்செடி முளைக்கும், புல் முளைக்காது. வெள்ளாடு ஏறும், கறவை மாடு ஏறாது. அதை எழுதி, கால்நடை மருத்துவரின் கடிதத்தையும் இணைத்து, திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்திருக்கிறோம். மாற்று நிலத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும்படி வட்டாட்சியருக்கு எழுதியிருப்பதாகப் பதில் வந்தது. நவம்பர் 1 கிராம சபைக்குள் வட்டாட்சியர் வந்து பார்க்காவிட்டால் அடுத்த தீர்மானம் போடுவோம். வாசகம் தயாராக இருக்கிறது, புல எண்களோடு.