புரட்டாசியில் கேரவன்

"கேரவன்ல போறோம்மா" என்று போனில் சொன்னதும், "ஏன், எதுவும் படத்துல நடிக்கியா?" என்றாள் அம்மா. திசையன்விளையில் கேரவன் என்றால் நடிகர்கள் சாப்பிட்டுத் தூங்கும் வண்டி. இது அதில்லை, காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு என்று விளக்கினேன். "அப்போ கூண்டு வண்டின்னு சொல்லு" என்றாள். அதுவும் சரிதான்.

வண்டி என் மாமனாருடையது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்தபோது 1991-இல் பழைய வண்டியாக வாங்கினாராம். ஏன் அதற்கு முன்னாலேயே வாங்கவில்லை என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "வாங்கி எங்கம்மா நிறுத்துறது?" என்றார். கடற்கரை, பூங்கா, முகாம் என்று பொது இடங்களையெல்லாம் நிறம் பார்த்துப் பிரிக்க வழி செய்த 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1990-இல்தான் நீக்கினார்கள். அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. வண்டியை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை துடைத்துவிடுவார்.

இந்த முறை போனது டி ஹூப் என்ற கடலோர இயற்கைக் காப்பகம். கேப் டவுனிலிருந்து கிழக்கே மூன்று, நான்கு மணி நேரம். செப்டம்பர் 24, நாட்டின் பாரம்பரிய தினம். இங்கே அன்று ஊரே அடுப்பு மூட்டி இறைச்சி சுடும். பிராய் தினம் என்றே பெயராகிவிட்டது. எங்களுக்கோ புரட்டாசி. டர்பன் தமிழர்கள் புரட்டாசியை எவ்வளவு கறாராகப் பிடிப்பார்கள் என்பது ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியாது. மாதம் முழுக்க முட்டைகூட வீட்டுக்குள் வராது. சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல். என் மாமியார் இதில் இந்தியாவிலிருந்து வந்த என்னையே நம்பமாட்டார். அதனால் கேரவனில் ஏறியது துணிமணியைவிடப் பருப்பும் அரிசியும்தான் அதிகம்.

பிரெடாஸ்டார்ப் தாண்டியதும் தார்ச்சாலை முடிந்து சரளைச் சாலை. துவைகல்லில் வரி வரியாகக் கொத்தியிருக்குமே, அப்படி இருந்தது. டயரில் காற்றைக் குறைத்து மெதுவாகத்தான் போனோம். ஆனாலும் முகாமில் கதவைத் திறந்தால் உள்ளே தரை மஞ்சளாக இருந்தது. மேல் அலமாரியின் கொண்டி விட்டுப்போய், இரண்டு கிலோ துவரம் பருப்பும் படுக்கை, கேஸ் அடுப்பு, மகனுடைய ரப்பர் செருப்பு என்று ஒன்றையும் விடாமல் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் கொண்டியை மாற்றச் சொல்லி நான் ஏப்ரலிலேயே சொன்னேன். இதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

மாமாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கேரவனை மட்டம் பார்ப்பதுதான் முதல் வேலை. தரையில் ரசமட்டம் வைத்து, ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கீழே பலகை கொடுத்து, முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தை ஏற்றி இறக்கி, கடைசியில் நான்கு மூலைக் கால்களையும் இறக்குவார். அத்தை அந்தக் கருவியை நம்புவதில்லை. கல்லில் மாவு ஊற்றி, தோசை ஒரு பக்கமாக ஓடினால், "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்று உள்ளிருந்து குரல் வரும். வடக்குப் பக்கம் இரண்டு தோசைக்கு ஏற்றினோம்.

முதல் பார்வைக்கு அந்த நிலம் எனக்கு எங்கள் ஊர்த் தேரிக்காடாகத்தான் தெரிந்தது. முழங்கால் உயரப் புதர், காற்று, தூரத்தில் வெள்ளை மணல்மேடு, அதற்கப்பால் கடல். இதைப் பார்க்கவா இத்தனை தூரம் என்று நினைத்தேன். ஃபெயின்போஸ் என்பார்கள், மெல்லிய புதர் என்று அர்த்தம். சுண்ணாம்புப் பாறைமேல் கையளவு மண்ணில் வளர்வது. நின்று பார்த்தால் சாம்பல் பச்சை, அவ்வளவுதான். மகனுடைய பந்தை எடுக்கக் குத்தவைத்தபோதுதான் கண்ணுக்குப் பட்டது. அரிசி மணி அளவில் குழல் குழலாக இளஞ்சிவப்புப் பூ, ஒரு கிளையில் நூறு இருக்கும். எரிக்கா. ஐரோப்பாவின் பொட்டல்களை மூடியிருக்கும் அதே ஹீதர் குடும்பம். அங்கே ஒரு சில வகைதான், இந்த கேப் மூலையில் மட்டும் 600-க்கும் மேல். பக்கத்திலிருந்த வேறொரு செடியைக் கசக்கினேன். எலுமிச்சையும் புதினாவும் கலந்த மாதிரி ஒரு வாசனை. புக்கு என்கிற வாசனைச் செடி வகையாம். சோறு பிசையும்வரை கையில் இருந்தது.

பெருக்கித் தள்ளிய பருப்புக்கு அதற்குள் ஆள் வந்துவிட்டது. எறும்பு. அரைப் பருப்பு ஒன்றை, தன்னைவிட மூன்று மடங்கு பெரியதை, பின்பக்கமாக நடந்து இழுத்துக்கொண்டு போனது ஒன்று. புல் தடுத்ததும் விட்டுவிட்டு, சுற்றி வந்து வேறு முனையைப் பிடித்தது. நானும் மகனும் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்து முகாமில் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர், ஆப்பிரிகான்ஸ்காரர். பூரவோர்ஸ் தொத்திறைச்சியை வளையமாகச் சுட்டு ஒரு தட்டில் கொண்டுவந்தார். அத்தை கைகூப்பி, விரதம் என்று விளக்கி, பதிலுக்கு எங்கள் அடுப்பில் சுட்ட கத்தரிக்காய்த் துவையலைக் கொடுத்தார். மனிதர் ரொட்டியில் தடவி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். நாங்கள் எறும்பைப் பார்ப்பதைக் கண்டு அவர் சொன்னதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம். இங்குள்ள பல செடிகளின் விதைமேல் கொழுப்பான ஒரு சின்னத் தோல் இருக்கிறது. எறும்பு அதற்காக விதையை இழுத்துப்போய், தோலைத் தின்றுவிட்டு, விதையை மண்ணுக்கடியில் போட்டுவிடுகிறது. அங்கே எலி எடுக்காது. பத்து, இருபது ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் புதர்க்காடு தீப்பிடிக்கும். பிடிக்கவும் வேண்டும். மேலே எல்லாம் கரிந்த பிறகு கீழே கிடந்தது முளைக்கும். அர்ஜென்டினாவிலிருந்து வந்து புகுந்த எறும்பு தோலைத் தின்றுவிட்டு விதையை மேலேயே விட்டுவிடுமாம், அதுதான் இப்போது தொல்லை.

சனிக்கிழமை காலை, திமிங்கிலம் பார்க்கும் கடற்கரையான கோபி அலீனுக்குப் போவதற்கு முன், அத்தை கேரவன் படிக்கு எதிரே மண்ணை நீவி, உள்ளங்கை அகலத்தில் அரிசிமாவுக் கோலம் போட்டார். 'விலங்குகளுக்கு உணவளிக்காதீர்' என்ற பலகை பத்தடியில் நின்றது. அது பபூன் குரங்குகளுக்காக வைத்தது. "எறும்புக்கும் சேர்த்தா?" என்றார் என் வீட்டுக்காரர். யாரும் பதில் சொல்லவில்லை.

திமிங்கிலங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது, சுருக்கமாகச் சொல்கிறேன். மணல்மேட்டில் உட்கார்ந்தால் கடல் முழுக்க அவைதான். மெதுவாக நீந்தும், செத்தால் மிதக்கும், அதனால் வேட்டைக்குச் 'சரியான' திமிங்கிலம் என்று பெயர் வைத்து ஒழித்துக்கட்டப் பார்த்தார்கள். 1935-இல்தான் தடை வந்தது. இப்போது குட்டி போட இங்கே வருகின்றன. மூச்சு விட்டால் நீர் இரண்டாகப் பிரிந்து வி வடிவில் எழும்பும். மகன் 23 வரை எண்ணிவிட்டுப் பசிக்கிறது என்றான். அத்தை, "ஆத்துல யானை படுத்த மாதிரி" என்று சொல்லிவிட்டு, தயிர்சாதத்தைப் பிரிக்காமலே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு காலை கோலத்தின் நடுவே ஒரு தடம். இரண்டு நாளாக மகன் பின்னாலேயே திரிந்த ஆமை, கோலத்தை அப்படியே கடந்து போயிருக்கிறது. மாவு கால்பட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாகப் புல்வரைக்கும் இருந்தது. அத்தை கண்ணில் நீர் வந்துவிட்டது. "புரட்டாசி சனிக்கிழமை... கூர்மாவதாரம்டா" என்றார். ஆமை வந்தது ராத்திரியா, விடிந்த பிறகா என்று யோசித்தேன், வாயைத் திறக்கவில்லை.

கிளம்ப வேண்டும் என்றால் கார் அந்தப் பக்கமாகத்தான் வந்து கொக்கி மாட்ட வேண்டும். கோலத்தின்மேல் டயர் ஏறக்கூடாது என்று அத்தை குறுக்கே நின்றுகொண்டார். கடைசியில் மாமாவும் என் வீட்டுக்காரரும் பக்கத்து ஆசிரியரும் சேர்ந்து கேரவனைக் கையாலேயே தள்ளித் திருப்பினார்கள். மாமா இன்னும் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கொண்டியை மாற்றியாகிவிட்டது.