பசிச்ச உடனே சாப்பிடுற நாள்

நவம்பர் 14, 2025, வெள்ளி

ஸ்கூல்ல குழந்தைகள் தினம்னு மிட்டாய் குடுத்தாங்கன்னு மக ஒரு பொட்டலத்தோட வந்தா, அதே நாள்தான் உலக நீரிழிவு நாளும். இன்சுலின் கண்டுபிடிச்ச பான்டிங் 1891ல பொறந்த தேதிங்கிறதால இதை வச்சிருக்காங்க. எங்க வீட்ல அவர் பொறந்த நாளை நெஜமாவே கொண்டாடணும்னு நான் சொல்லிக்கிட்டே இருப்பேன், ஏன்னா அவர் இல்லேன்னா எங்க மக இல்ல. அவளுக்கு டைப் ஒன், அதாவது ஒடம்பு தானா இன்சுலின் சுரக்காத சுகர். சின்னப் புள்ளையா இருக்கும்போதே வந்துருச்சு.

ராத்திரி இட்லி சாப்பிடும்போது அவளே ஒரு கேள்வி போட்டா. நாளைக்கு காலைல எந்திரிக்கும்போது சுகர் சுத்தமா போற மாதிரி மருந்து வந்துருச்சுன்னு வச்சுக்குவோம், ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க, என்ன செய்வீங்கன்னு. மாமா யோசிக்கவே இல்ல, கந்தரப்பம், ஆடிக் கும்மாயம், பால் பணியாரம்னு வரிசையா அடுக்குறாக, அவுகளுக்கு டைப் டூ, பெரியவங்களுக்கு பொதுவா வர்ற சுகர், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அயித்தை மாத்திரை டப்பாவை கொண்டுபோய் ஊருணில எறிஞ்சுட்டு வருவேன்னாக. மக அப்பா, விடியிற வரைக்கும் எந்திரிக்காம தூங்குவேன்னு சொன்னாக.

அவ முறை வந்தப்ப நான் ஏதோ ஐஸ்கிரீம், கேக்குன்னு வரும்னு நெனச்சேன். "பசிச்ச உடனே சாப்பிடுவேன்மா"ன்னா. அவ்வளவுதான். பசிக்குது, தட்டை எடுக்குறோம், கைய வைக்கிறோம், இது மத்தவங்களுக்கெல்லாம் ஒரு விசயமே இல்ல, அவளுக்கு முதல்ல விரல்ல ஊசி குத்தி சுகர் எவ்வளவுன்னு பாக்கணும், இட்லி எத்தனை, அதுல மாவுச்சத்து எவ்வளவு, அதுக்கு எத்தனை யூனிட் இன்சுலின்னு கணக்கு போடணும், ஊசி போட்டு கொஞ்ச நேரம் இருக்கணும், அதுக்குள்ள இட்லி ஆறிப்போயிரும். சர்க்கரை வியாதின்னதும் எல்லாரும் இனிப்பைத்தான் நெனைக்கிறாங்க, ஆனா இவகிட்ட இருந்து இந்த வியாதி எடுத்துக்கிட்டது சூடான இட்லிய.

நவம்பர் 16, ஞாயிறு

மருந்து வந்துருச்சுங்கிற அந்த நாள் ஏற்கனவே ஒரு தடவை வந்திருக்கு, அதை அவகிட்ட சொன்னேன். 1922 ஜனவரி 11, கனடாவுல டொராண்டோ ஆஸ்பத்திரி, லெனார்டு தாம்சன்னு 14 வயசுப் பையன், எலும்பும் தோலுமா கெடந்தான், அப்பல்லாம் இதுக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி போடுறதுதான், சாப்பாட்டைக் கொறச்சுக் கொறச்சு நாளைத் தள்ளுவாங்க, பசியால சாகுறதா நோயால சாகுறதான்னு பெத்தவங்க பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அவனுக்குப் போட்ட முதல் இன்சுலின் ஊசி சரியா வேலை செய்யல, மருந்து சுத்தமா இல்ல. காலிப்ங்கிறவர் அதை இன்னும் சுத்தப்படுத்தி 23ம் தேதி திரும்பப் போட்டாங்க, பையன் பொழச்சுக்கிட்டான், அதுக்கப்புறம் பதிமூணு வருஷம் இருந்தான்.

அந்தப் பையனோட அம்மா 10ம் தேதி ராத்திரி என்ன நெனச்சிருப்பாங்கன்னுதான் எனக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. மறுநாள் என்ன நடக்கப்போகுதுன்னு அவங்களுக்குத் தெரியாதுல்ல.

இன்னொண்ணு. இன்சுலினோட பேட்டண்டை, அதாவது அதைச் செஞ்சு விக்கிற உரிமைய, கண்டுபிடிச்சவங்க டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் குடுத்தாங்க. இதைப் படிச்சதும் மக அப்பாவுக்கு உடனே போன் பண்ணி சொன்னேன்.

நவம்பர் 23, ஞாயிறு

எங்க ஊர் பள்ளத்தூர்ல விடாத மழை, வீட்டு நடுவுல இருக்குற வளவு முத்தம் நெறஞ்சு பத்தி வரைக்கும் சாரல். சாயங்காலம் போன கரண்டு ராத்திரி வரைக்கும் வரல. கரண்டு போனா மத்தவங்க வீட்ல ஃபேன் இல்லையேம்பாங்க, எங்க வீட்ல முதல்ல ஃப்ரிட்ஜ் பக்கம்தான் ஓடுவோம், இன்சுலின் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். பெரிய மண்பானைக்குள்ள ஈரமணல் போட்டு நடுவுல சின்னப் பானைய வச்சு அதுக்குள்ள வைக்கிற பழக்கம் எங்க வீட்ல இருக்கு. ஃப்ரிட்ஜ் அளவுக்கு குளுந்து கெடக்காது, ஆனாலும் வெயில் காலத்துல கரண்டு போனா பெரிய ஒதவி. முதல்ல சொல்லிக் குடுத்தது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தங்கதான், நல்லா இருக்கணும் அவங்க.

இருட்டுல உக்காந்து, போன்ல மிச்சமிருந்த சார்ஜை வச்சு ஆராய்ச்சி எது வரைக்கும் வந்திருக்குன்னு படிச்சேன், ரொம்ப நாளாவே எடுத்து வச்சிருந்தது. டைப் ஒன்ல நடக்குறது என்னன்னா, ஒடம்போட சொந்த காவல் படையே கணையத்துல இன்சுலின் சுரக்குற பீட்டா செல்லை எதிரின்னு நெனச்சு அழிச்சிருது. அதனால இதுக்கு மருந்துன்னா ரெண்டு வேலை பாக்கணும், அந்த செல்லைத் திரும்ப வைக்கணும், வச்சதை திரும்ப அழிக்காம காப்பாத்தணும். முதல் வேலை நடக்க ஆரம்பிச்சிருச்சு. இந்த வருஷம் ஜூன்ல வந்த ஆய்வுல, எந்த வகை செல்லாவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லுல இருந்து லேப்ல வளத்த, இன்சுலின் சுரக்குற செல்லை கல்லீரலுக்குப் போற ரத்தக்குழாய் வழியா ஏத்தியிருக்காங்க, முழு டோஸ் வாங்குன 12 பேர்ல 10 பேருக்கு ஒரு வருஷம் கழிச்சு இன்சுலின் ஊசியே வேண்டியதில்ல. படிச்சுட்டு கொஞ்ச நேரம் போனை கீழ வச்சுட்டேன்.

ரெண்டாவது வேலைதான் மிச்சம். வச்ச செல்லு நெலைக்கணும்னா எதிர்ப்பு சக்திய அமுக்குற மாத்திரை தொடர்ந்து சாப்பிடணும், அப்ப எந்தக் கிருமி வந்தாலும் ஆபத்து. ஓடியாடுற புள்ளைக்கு ஊசிய எடுத்துட்டு இதைக் குடுக்கலாமான்னு கேட்டா எனக்கு வேணாம்னுதான் தோணுது. ஸ்வீடன்ல ஒருத்தருக்கு, ஒடம்பு எதிரின்னு கண்டுக்காத மாதிரி ஜீன்ல திருத்தம் பண்ணுன செல்லை கை தசைல வச்சிருக்காங்க, அந்த மாத்திரை எதுவும் இல்லாமலே செல்லு உயிரோட இருந்து இன்சுலின் சுரக்குதாம். ஒரே ஒரு ஆள்தான், கொஞ்சமாத்தான் சுரக்குது, அவரும் ஊசிய நிறுத்தல. ஆனாலும் என் நம்பிக்கை இந்தப் பக்கம்தான் இருக்கு.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். முகப்புல, திண்ணைல, வளவுல எல்லாம் விளக்கு வச்சு முடிக்கிறதுக்குள்ள சொந்தக்காரவுக ரெண்டு பேர் வந்தாக. ஆவாரம்பூ பொடி கொண்டாந்திருந்தாக. "ஆவாரை பூத்திருக்க சாவாரைக் கண்டதுண்டோ"ன்னு பழமொழி வேற, ஊசிய நிறுத்திட்டு இதை மட்டும் ஒரு மண்டலம் குடு, பாருன்னாக.

பாசத்துலதான் சொல்றாக, அதனால ஒக்கார வச்சு நிதானமா சொன்னேன். ஆச்சி, டைப் ஒன் புள்ளைக்கு ஊசிய நிறுத்துனா ஒடம்பு கொழுப்பை எரிச்சு ரத்தத்துல அமிலம் ஏறிரும், வாந்தி வரும், மூச்சு வாங்கும், ரெண்டு மூணு நாள்ல உசுருக்கே வந்துரும். ஆவாரம்பூவை நாங்க சாமிக்கு வைக்கிறோம், டீ போட்டும் குடிக்கிறோம், ஆனா ஊசிக்குப் பதிலா அது ஆகாது. இதைப் படிக்கிறவங்க வீட்ல டைப் ஒன் புள்ளை இருந்தா தயவுசெஞ்சு இதை மட்டும் மனசுல வச்சுக்கங்க.

அப்புறம் கெளம்பும்போது குரலைத் தாழ்த்தி, இதை வெளில சொல்லாத, நாளைக்கு கல்யாணம்னு வரும்போது பேச்சு வரும்னாக. அதுக்கு முந்தியே வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு, நெறைய இனிப்பு குடுத்து வளத்தியான்னு. இனிப்புனால டைப் ஒன் வராது, யாரும் குடுத்தும் வரல, யாரும் குடுக்காமலும் நிக்கல. மருந்து வந்தா இந்தக் கேள்வியெல்லாம் தானா நின்னுருமான்னு யோசிச்சேன். நின்னுரும்தான். ஆனா இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி முடியிற வரைக்கும் காத்திருக்கணும்? வாசல்லயே எல்லார் முன்னாடியும் சத்தமா சொன்னேன், மறைச்சு கட்டிக் குடுக்குற எண்ணம் எனக்கு இல்ல ஆச்சி, தெரிஞ்சு வர்றவன் வரட்டும்னு. மக கேட்டுக்கிட்டுதான் இருந்தா. ஒண்ணும் சொல்லல, விளக்குக்கு எண்ணெய் ஊத்தப் போயிட்டா.

டிசம்பர் 9, செவ்வாய்

மாமாவுக்கு கால் டிரெஸ்ஸிங். ஒரு விரல் முன்னாடியே எடுத்தாச்சு, இப்ப பக்கத்து விரல்ல புண்ணு. அதைப் பாத்துக்கிட்டே, உங்க மருந்து வந்தா விரல் மொளைக்குமா ஆத்தான்னு என்கிட்ட கேட்டாக, இல்ல மாமா, போனது போனதுதான், இருக்குறது நிக்கும்னு சொன்னேன். கண்ணு, சிறுநீரகம், கால் நரம்பு, இதுல ஏற்கனவே கெட்டது அப்படியேதான் இருக்கும். டைப் டூக்கு வேற மாதிரி வழி இருக்கு, பிரிட்டன்ல 2017ல ஒரு ஆய்வு, சாப்பாட்டை ரொம்பக் கொறச்சு எடையைக் கொறச்சதுல ஒரு வருஷத்துல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள்ள வந்திருக்கு. ஆனா அவங்க எல்லாம் வியாதி வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருந்தவங்க, எடை ஏறுனா சுகரும் திரும்ப வந்துரும். மக அப்பாவுக்கு இப்ப பார்டர்ல இருக்கு, அதனால இந்த விசயத்தை அவுககிட்ட நேத்தே ஆரம்பிச்சுட்டேன், சாயங்காலப் பலகாரத்தட்டை பாதியாக்கியாச்சு.

டிசம்பர் 14, ஞாயிறு

2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி நம்ம நாட்ல 10 கோடிப் பேருக்கு மேல சுகர். அதுல பெரும்பாலானவங்க மாமா மாதிரி டைப் டூ. மருந்துன்னு ஒண்ணு வந்தா அது யாருக்கு முதல்ல கிடைக்கும்னு மக கேட்டா. ஆஸ்பத்திரில அவ கூட ஒரு பொண்ணு வரும், அதுங்க அம்மா கொத்து வேலை, கவர்மெண்ட் ஆஸ்பத்திரில இன்சுலின் இலவசமா கிடைக்குது, அதனால புள்ள நல்லா இருக்கு, ஆனா சுகர் குத்திப் பாக்குற ஸ்ட்ரிப் வாங்க முடியாம பல நாள் குத்திப் பாக்காமலே ஊசி போடுதாம். குத்தாமலே சுகர் பாக்க ஒடம்புல ஒட்டுற சென்சாரை 14 நாளைக்கு ஒண்ணு மாத்தணும், எங்களாலயே மாசாமாசம் முடியல. அவளுக்கு கிடைக்காத மருந்து வந்து நமக்கு மட்டும் கிடைச்சா எப்படிம்மான்னு இவ கேட்டா, ஒரு டாலர் கதைய திரும்பச் சொல்லி, அந்த மாதிரி மனுசங்க இன்னும் இருப்பாங்கன்னு சொன்னேன். நான் அதை நம்புறேன்.

இந்த மாசக் கடைசில பிள்ளையார் நோன்பு. நோன்புக்கு 21 நூல் இழைய திரியாக்கி இழைமாவுல வச்சு ஏத்தி, எரியிற சுடரோட வாயில போட்டுக்கணும். பச்சரிசி மாவு, வெல்லம், நெய், பெரிய நெல்லிக்காய் அளவுதான் வரும், ஆனாலும் வெல்லம். போன வருஷம் வரைக்கும் நான்தான் கணக்கு போட்டேன். இந்த வருஷம் அவளே தராசுல மாவை நிறுத்து, வெல்லத்தையும் கணக்குல சேத்து, நோட்டுல எழுதி ஒரு யூனிட்னு வந்து நிக்கிறா, நான் ஒன்றரைன்னேன், கருப்பட்டிப் பணியாரமும் ஒண்ணு திங்கிறதுன்னா ரெண்டு வேணும்னு அவளே திருத்துனா. சரின்னு விட்டுட்டேன், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறோம்.