துணை மதிப்பீடுகளும் ஓர் ஆயிரம் ரூபாய்க் கோரிக்கையும்

நிதியமைச்சர் ஆண்டுதோறும் வாசிக்கும் நிதிநிலை அறிக்கையைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டுகின்றன. மறுநாள் நாளிதழ்கள் அதைப் பக்கம் பக்கமாக அலசுகின்றன. அதே ஆண்டின் நடுவில், அதே அவையில் வைக்கப்படும் துணை மதிப்பீடுகளுக்கு, அதாவது ஆண்டின் இடையில் அரசு கேட்கும் கூடுதல் செலவுக் கோரிக்கைகளுக்கு, உள்பக்கத்தில் ஒரு பத்தி கிடைத்தாலே பெரிது. 2024 டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு 2024-25ஆம் ஆண்டுக்கான முதல் துணை மதிப்பீடுகளைத் தாக்கல் செய்தார். மதுரை மாவட்டத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைப்பதற்கு எதிரான தீர்மானம் நிறைவேறியதும் அதே நாளில்தான் என்பதால், மக்களின் கவனம் அதன்மேல் சென்றது இயல்பே. ஆனாலும் ஏறத்தாழ 3,531 கோடி ரூபாய்க்கான கோரிக்கை இவ்வளவு ஓசையின்றிக் கடந்துபோவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அரசின் வரி வருவாயும் கடனும் சேரும் பொதுக் கணக்கான மாநிலத்தின் தொகுப்பு நிதியத்திலிருந்து சட்டத்தின் அனுமதியின்றிப் பணம் எடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 266ஆவது பிரிவு. மார்ச் 31 வரைக்குமான அனுமதியை நிதிநிலை அறிக்கையை ஒட்டி நிறைவேறும் நிதி ஒதுக்கச் சட்டம் தருகிறது. ஆண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒதுக்கிய தொகை போதாமல் போகலாம். அறிக்கை தயாரானபோது எவரும் நினைத்துப் பார்த்திராத ஒரு புதிய செலவு வந்து சேரலாம். அப்போது அரசு தன் விருப்பப்படி கூடுதல் பணத்தை எடுத்துவிட முடியாது. 205ஆவது பிரிவின்படி ஆளுநரின் பெயரால் இன்னொரு செலவு விவர அறிக்கையைப் பேரவையின் முன் வைத்தாக வேண்டும். முதன்மை நிதிநிலை அறிக்கைக்கு 202, 203, 204ஆவது பிரிவுகள் விதிக்கும் நடைமுறை முழுவதும் இதற்கும் பொருந்தும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஆகவே பெயரில் 'துணை' என்று இருந்தாலும், கடந்துவர வேண்டிய வாசல்கள் எவையும் குறைவதில்லை.

இப்படிக் கோரப்படும் தொகை எல்லாமே போதாமையை ஈடுசெய்வதற்கானது அன்று. வெள்ளம், புயல் போன்ற அவசரங்களுக்கு எதிர்பாராச் செலவு நிதியத்திலிருந்து முன்பணம் எடுக்கப்பட்டிருக்கும். அதை அந்நிதியத்துக்குத் திரும்பச் செலுத்தவும் துணை மதிப்பீடு வேண்டும். அங்கே பேரவை ஒப்புதல் தருவது பெரும்பாலும் ஏற்கெனவே செலவாகிவிட்ட பணத்துக்குத்தான். மூன்றாவது வகைதான் என்னை மிகவும் ஈர்ப்பது. துணை மதிப்பீட்டுப் புத்தகத்தைப் புரட்டினால், கோடிகளுக்கு நடுவே சில இடங்களில் ஆயிரம் ரூபாய் மட்டும் கோரப்பட்டிருப்பதைக் காணலாம். நிதிநிலை ஆவணங்களில் தொகைகள் ஆயிரங்களில் குறிக்கப்படுவதால், அடையாளத்துக்காகக் கேட்கப்படும் மிகச் சிறிய தொகை அதுவாகிறது. ஒரு துறை புதிய பணி ஒன்றைத் தொடங்க விரும்புகிறது. அதற்கான பணம் அதே மானியத்தின், அதாவது அத்துறைக்குப் பேரவை ஒப்புதல் தந்த தொகையின், வேறு செலவு இனங்களில் மிச்சமாகக் கிடக்கிறது. ஆனால் பேரவை அறியாத ஒரு பணிக்கு அந்த மிச்சத்தைத் திருப்பிவிட அரசுக்கு உரிமை இல்லை. எனவே பணத்துக்காக அல்லாமல், அனுமதிக்காகவே அந்த ஆயிரம் ரூபாய் கேட்கப்படுகிறது. அதன் பின்னால் பல கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று நிற்கக்கூடும். தொகைப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு போகிறவர் அதைத் தவறவிடுவார். கீழே அச்சிடப்பட்டிருக்கும் சிறு விளக்கக் குறிப்பைப் படிப்பவருக்கே அது புலப்படும். அரசாங்க ஆவணங்களிலேயே நான் மிகுந்த அக்கறையுடன் வாசிப்பது இந்தக் குறிப்புகளைத்தான்.

அவையில் நடப்பது இதுதான். புத்தகம் உறுப்பினர்களுக்கு வழங்கப்படுகிறது, விவாதம் நடக்கிறது, நிதியமைச்சர் பதிலளிக்கிறார். பிறகு பேரவைத் தலைவர் மானியக் கோரிக்கைகளை வாக்கெடுப்புக்கு விடுகிறார். "ஏற்போர் 'ஆம்' என்க, மறுப்போர் 'இல்லை' என்க" என்ற குரலும் அதற்கு எழும் பதிலும் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. நீதிபதிகளின் ஊதியம், கடனுக்கான வட்டி போன்று தொகுப்பு நிதியத்தின் மீது சாட்டப்பட்ட செலவுகள் வாக்கெடுப்புக்கு வருவதில்லை. அவற்றைப் பற்றிப் பேச மட்டும் செய்யலாம். மற்றவற்றில் பேரவை ஒரு கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். கூட்டுவதற்கு மட்டும் அதற்கு அதிகாரம் கிடையாது.

கோரிக்கைகள் நிறைவேறிய பின் அவற்றை உள்ளடக்கி நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு கொண்டுவரப்படுகிறது. தொகையையோ அது செல்லும் இடத்தையோ மாற்றும் திருத்தம் எதையும் இந்தக் கட்டத்தில் முன்மொழிய முடியாது. தமிழ்நாட்டில் 1986இல் மேலவை நீங்கிவிட்டதால் சட்டமுன்வடிவு நேரே ஆளுநருக்குப் போகிறது. கர்நாடகம் போல் மேலவை உள்ள மாநிலங்களிலும் அந்த அவை 14 நாள்களுக்குள் பரிந்துரை சொல்லலாமே தவிர, தடுக்க இயலாது. இது பண மசோதா என்பதால், மறுபரிசீலனை கோரி ஆளுநர் திருப்பி அனுப்பவும் அரசியலமைப்பில் இடமில்லை.

ஆக, உறுப்பினர் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தக்கூடிய உண்மையான நேரம், புத்தகம் கைக்கு வருவதற்கும் தலைவர் கோரிக்கையை வாக்குக்கு விடுவதற்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய பொழுதுதான். 2024 டிசம்பரில் அவை கூடியதே இரண்டு நாள்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட மானியங்களைக் கொண்ட ஒரு மாநிலத்தின் துணைச் செலவுகளை அதற்குள் படித்து, துறையிடம் விளக்கம் கேட்டு, தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் எழுதுவது எந்தக் கட்சி உறுப்பினருக்கும் கடினம். புத்தகத்தை வழங்கிய பின் குறைந்தது ஒரு வாரமாவது இடைவெளி விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. அவையின் அலுவல் நாள்களை வகுப்பவர்கள் நினைத்தாலே போதும்.

இந்த அவசரத்தின் விளைவை நெடுநாள் கழித்துத் தணிக்கை அறிக்கையில் பார்க்கிறோம். துணை மானியம் பெற்றும், முதலில் ஒதுக்கிய தொகையைக்கூடச் செலவழிக்காத இனங்களைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் பல மாநிலங்களில் திரும்பத் திரும்பச் சுட்டியிருக்கிறார். அந்தக் கூடுதல் கோரிக்கை தேவையே இல்லாதது என்பது அதன் பொருள். இதற்கு நேர்மாறாக, துணை மானியமும் போதாமல் அனுமதிக்கு மேல் செலவழித்துவிட்ட இனங்களும் உண்டு. அவற்றைப் பேரவை உறுப்பினர்களைக் கொண்ட பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்த பிறகு, மிகைச் செலவுக்கான கோரிக்கையாக 205ஆவது பிரிவின்கீழ் அச்செலவுகள் மீண்டும் பேரவைக்கு வர வேண்டும். பணம் போய் ஆண்டுகள் கழிந்த பின்னும் அப்படி வரன்முறைப்படுத்தப்படாமல் நிற்கும் மிகைச் செலவுகளைத் தணிக்கை அறிக்கைகள் பட்டியலிட்டுக்கொண்டே இருக்கின்றன.