26 வருஷ ஜென்னும் ஒரு டப்பா தப்பான ஆயிலும்

அப்பாவின் 1998 மாடல் மாருதி ஜென், மிக்ஜாம் புயல் மழையில் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. வேளச்சேரிக்காரர்களுக்கு 2023 டிசம்பரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் போர்ட்டிகோ சற்று மேடு என்பதால் சீட்டு தப்பியது. சக்கரம் பாதி வரை முங்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் பேட்டரியை மாற்றிச் சாவியைத் திருப்பினால் கார் கிளம்பிவிட்டது. "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்று அப்பா மார்தட்டினார். எனக்குத்தான் உறுத்தல். அடியில் இருக்கும் கியர் பாக்ஸ் இரண்டு நாள் முங்கிக் கிடந்திருக்கிறதே.

இந்தச் சாக்கில் கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட், இன்ஜின் ஆயில் நான்கையும் நானே மாற்றிவிடுவது என்று இறங்கினேன். ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மாசி பிறந்துவிட்டது.

ஜனவரி 7, ஞாயிறு

கியர் ஆயிலை வடிப்பதற்கு முன், ஊற்றும் போல்ட் கழலுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அது அடம் பிடிக்கும்போது கீழே வடித்துவிட்டிருந்தால், ஆயில் இல்லாத கியர் பாக்ஸை வைத்துக்கொண்டு வண்டியை நகர்த்தவும் முடியாது. என்னுடையது நிஜமாகவே அடம் பிடித்தது. துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு டீ குடித்து வந்து, ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி இழுத்ததும் 'டக்'.

பிறகு கீழே திறந்தேன். நல்ல கியர் ஆயில் தேன் மாதிரி இறங்கும், பழசு கறுப்பாக இறங்கும். எனக்கு இறங்கியது டீக்கடை டீ. முதலில் ஒரு கை அளவு வெறும் தண்ணீர், அப்புறம் பால் விட்ட நிறத்தில் ஒரு குழம்பு. விரலில் தேய்த்தால் வழவழப்பே இல்லை. ஆக்ஸில் சீல், அதாவது சக்கரத்துக்குப் போகும் தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் அடைப்பு வழியாகத்தான் உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு லிட்டர் மலிவு ஆயிலை ஊற்றி, முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, கியரில் போட்டு ஐந்து நிமிஷம் சக்கரத்தைச் சுற்றவிட்டு அதையும் வடித்தேன். அதுவும் டீதான், கொஞ்சம் லைட்டாக. இன்னொரு முறை செய்த பிறகுதான் தெளிந்தது.

அடுத்து புது ஆயில். கடையில் 80டபிள்யூ-90 (ஆயிலின் தடிமனைச் சொல்லும் எண்) கேட்டேன். இரண்டு டப்பா எடுத்து வைத்தார்கள், ஜிஎல்-4 ஒன்று, ஜிஎல்-5 ஒன்று. ஜிஎல் என்பது கியர் ஆயிலின் வகை எண். நாலைவிட அஞ்சு பெரிசு, விலையும் கொஞ்சம் கூட. கஷ்டப்பட்ட வண்டி, நல்லதாகவே ஊற்றுவோம் என்று அஞ்சை வாங்கி வந்தேன். வண்டியைச் சமதளத்தில் இறக்கி நிறுத்தி, ஊற்றும் ஓட்டையில் ஆயில் வழிய ஆரம்பிக்கும் வரை விட்டு மூடினேன். டப்பாவைத் திறந்ததும் ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல்: "என்னடா, பட்டாசு மருந்து நாத்தம் அடிக்குது?" கந்தகம். அப்போதே யோசித்திருக்கலாம்.

ஜனவரி 21

இரண்டாவது கியருக்கு வேகமாக இழுத்தால் 'கர்ர்'. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் இன்னும் மோசம். வெள்ளத்தில் பெட்டி போய்விட்டது என்று முடிவு கட்டி, பழைய கியர் பாக்ஸ் விலை கேட்க புதுப்பேட்டைக்கே போய்விட்டேன். கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் கதையை முழுசாகக் கேட்டார்.

"இன்னா ஆயில் ஊத்துன?"

"80-90, ஜிஎல்-5 சார். நல்ல ஆயில்."

"நல்ல ஆயில்தான். உன் வண்டிக்கு இல்ல. இறக்கிட்டு நாலு ஊத்து. அப்பவும் சத்தம் வந்தா வா, பெட்டி தரேன்."

விற்க வேண்டிய சரக்கை விற்காமல் அனுப்பிவைத்தார் மனுஷன்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. கியர் மாற்றும்போது இரண்டு பக்க வேகத்தையும் சமப்படுத்துவது சின்க்ரோ என்கிற பித்தளை வளையம். அது கியரின் கூம்பு மேல் உரசி, பிரேக் மாதிரி பிடிக்க வேண்டும். ஜிஎல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து, ஜிஎல்-4ஐப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பற்கள் கனமான பாரத்தோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடுகிற ஹைபாய்டு கியருக்காகச் செய்த ஆயில் அது. அங்கே காப்பாற்றுகிற அந்த வழுக்கல், இங்கே வளையத்தைப் பிடிக்கவிடாமல் செய்கிறது. கூடவே, சூடு ஏறினால் அந்தக் கந்தகம் செம்பு, பித்தளையை மெல்ல அரிக்கவும் செய்யலாம். ஜென் முன்சக்கரத்தில் ஓடும் வண்டி, ஹைபாய்டு கியரே கிடையாது. டாஷ்போர்டில் 26 வருஷமாகக் கிடக்கும் மேனுவலில் ஜிஎல்-4 என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள்.

நாலை ஊற்றினேன். நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் 'கர்ர்' போய்விட்டது. காலையில் முதல் தடவை மட்டும் லேசாக முனகும். அதை வயசுக்கு விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 4

பிரேக் ஆயில் என்று வாய் சொன்னாலும் அது ஆயிலே இல்லை, கிளைக்கால் என்கிற ரசாயன வகை. டாட் என்பது அதன் தர எண். காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? புது டாட்-3 கொதிப்பது குறைந்தது 205 டிகிரியில், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த அளவு 140 வரை இறங்கிவிடலாம். டாட்-4க்கு இதே கணக்கு 230, 155. இரண்டும் ஒரே இனம் என்பதால் டாட்-3 வண்டியில் டாட்-4 ஊற்றலாம், நானும் அதைத்தான் ஊற்றினேன். ஆனால் இங்கேயும் ஒரு அஞ்சு காத்திருக்கிறது. டாட்-5 என்பது சிலிக்கான், மற்ற இரண்டோடு சேரவே சேராது. பெரிய நம்பர் ஆசை இந்த முறை எனக்கு வரவில்லை.

பெடல் மிதிக்க அப்பா. சக்கரத்தில் இருக்கும் திருகைத் திறந்து பழைய திரவத்தை வெளியே விட நான். முதலில் இடது பின்சக்கரம். மிதிக்கும்போது திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதுதான் ரொம்ப தூரம்.

"அமுக்குப்பா... பிடி... விடு."

"டேய், இருவத்தாறு வருஷமா இந்த பெடலை நான் அமுக்கறேன், எனக்குச் சொல்லித் தராத."

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தேன். பழைய மாஸ்டர் சிலிண்டரில் அடி வரை மிதித்தால், உள்ளே இருக்கும் ரப்பர் வழக்கமாகப் போகாத துருப்பிடித்த இடத்தில் உரசிக் கிழியும். வெளியே வந்தது பழைய கஷாயம். நாலு சக்கரமும் முடிந்து தெளிவாக வரும்வரை ஒரு மணி நேரம் ஆனது. ஃபெண்டரில் ஒரு சொட்டு விழுந்ததை உடனே தண்ணீர் விட்டுக் கழுவாமல் போனேன். அந்த இடத்தில் பெயிண்ட் சுருங்கிவிட்டது. மிச்சத் திரவத்தை எடுத்து வைக்கவில்லை, திறந்த டப்பா பரணில் இருந்தாலும் ஈரம் குடிக்கும்.

பிப்ரவரி 18

ரேடியேட்டரில் அப்பா இத்தனை வருஷமும் ஊற்றியது போர் தண்ணீர். வடித்தால் செம்மண் குழம்பு. "நம்ம ஊர்ல என்ன பனியா பெய்யுது, கூலண்டுக்கு?" என்பது அவர் கட்சி. பனிக்காக இல்லையப்பா என்று சொல்லிப் பார்த்தேன். இந்த இன்ஜின் அலுமினியம். அரிப்பைத் தடுக்கும் மருந்து கூலண்டில்தான் இருக்கிறது, கொதிநிலையும் கொஞ்சம் ஏறும். போர் தண்ணீரின் உப்பு கெட்டிலில் படிகிற மாதிரி உள்ளே படியும்.

குழாயைக் கழற்றியபோது இன்னொரு கூத்து. தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு, இருக்க வேண்டிய இடம் காலி. எந்தக் காலத்திலோ எவரோ "நம்ம ஊர் சூட்டுக்கு இது வேணாம்" என்று பிடுங்கிவிட்டிருக்கிறார். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரம் எடுக்கும், பெட்ரோல் கூடக் குடிக்கும். புதிதாக ஒன்று வாங்கி, பொருத்துவதற்கு முன் அடுப்பில் கொதிநீரில் போட்டு வாய் திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தது. அந்தப் பாத்திரத்தை அம்மா இனி சமையலறைக்குள் சேர்க்கப் போவதில்லை.

கூலண்டில் பச்சை, சிவப்பு என்று நிறத்தை நம்பி வாங்கக் கூடாது. நிறம் கம்பெனி போடும் சாயம், அவ்வளவுதான். பழையதை முழுக்கக் கழுவிவிட்டு ஒரே வகையைப் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றினேன். கீழே சிந்தியதை உடனே கழுவினேன். இனிப்பாக இருக்கும், தெரு நாய் நக்கினால் செத்துப்போகும்.

இன்ஜின் ஆயிலில் பெரிதாகக் கதை இல்லை. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஓடும் தன்மை, பின்னால் இருப்பது சூட்டில் உள்ள தடிமன். போன கோடையில் யாரோ சொன்னார்கள் என்று 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஊற்றி, மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்கும்போதெல்லாம், ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் லைட் மினுக்கியது. இந்தத் தடவை 20டபிள்யூ-50 மினரல், விலையும் பாதிக்குக் கீழ். லைட் மினுக்கவில்லை.

வாங்கி வந்ததில் திறக்காத ஜிஎல்-5 டப்பா ஒன்று மிச்சம் கிடந்தது. பக்கத்துத் தெருவில் ஒருவர் இன்னும் அம்பாசடர் வைத்திருக்கிறார், அதன் பின் ஆக்ஸில் ஹைபாய்டுதான். கொண்டுபோய்க் கொடுத்தேன். லேபிளைப் படித்துவிட்டு, "இதைத்தான் தேடிட்டிருந்தேன், எவ்வளவு தரணும்?" என்றார். ஒரு காபி போதும் என்றேன்.