சாவி வாங்கும் முன் தண்ணீர் கட்டிப் பார்த்தோம்

சிங்கப்பூரில் தோ பாயோ அடுக்குமாடி ஒன்றில் வளர்ந்த எனக்கு, வீட்டின் தரத்தைப் பற்றிக் கவலைப்படுவது வாங்குபவரின் வேலையாக ஒருபோதும் தோன்றியதில்லை. அது அரசு வீடுகளைக் கட்டித்தரும் வீவகவின், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் தலைவலி. கணவரின் பணி நிமித்தம் சென்னைக்குக் குடிவந்து, வேளச்சேரியில் வாடகைக்கு இருந்துகொண்டே மேடவாக்கம் பக்கம் கட்டி முடியும் நிலையிலிருந்த ஓர் அடுக்குமாடி வீட்டை விலை பேசியபோதுதான், கட்டட விதிகள் எதைக் காக்கின்றன, எதை வாங்குபவரின் தலையில் விட்டுவிடுகின்றன என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டறிய வேண்டியதாயிற்று.

இங்கே வீடு வாங்குகிறோம் என்று சொன்னவுடன் உறவினர்கள் கேட்டவை மூன்று: பட்டா இருக்கிறதா, வில்லங்கம் பார்த்தாயிற்றா, வாசல் எந்தத் திசை. தூணின் கான்கிரீட் என்ன தரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நிலத்தகராறுகள் மலிந்த ஊரில் முதலிரண்டு கேள்விகளும் நியாயமானவைதான். மூன்றாவதற்காக ஒரு பெரியப்பா திசைகாட்டியோடு வந்து அரை நாள் செலவழித்தார்.

விதிகள் இல்லாத ஊர் என்று சென்னையைச் சொல்லிவிட முடியாது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், மனையின் எல்லையிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் எழுப்பலாம், மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதையெல்லாம் விரிவாக வகுத்துள்ளன. 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடமாகி வேறு கணக்குக்குப் போய்விடும். நாங்கள் பார்த்தது அதற்கு உட்பட்டது. பணிநிறைவுச் சான்றும் பெரும்பாலும் இந்த அளவுகளைச் சுற்றியே வருகிறது. அளவு நாடாவால் அளக்கக்கூடியவற்றை அரசு அளக்கிறது. குளியலறைத் தளத்துக்கு அடியில் நீர்க்காப்புப் பூச்சு ஒழுங்காகப் பூசப்பட்டதா என்பதை எந்த நாடாவும் அளப்பதில்லை.

கட்டமைப்புக்குத் தனியே இந்தியத் தர நிர்ணயங்கள் இருக்கின்றன. கடற்கரைச் சூழலில் வெளியே தெரியும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 என்னும் வலிமைத் தரமும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மறைப்பும் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456. சென்னை 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நிலநடுக்க மண்டலம் மூன்றுக்கு உயர்த்தப்பட்டது. அதனால் தூணைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிகளின் முனைகளை 135 பாகைக்கு உள்நோக்கி வளைக்க வேண்டும். நாங்கள் சொந்தச் செலவில் அமர்த்திய பொறியாளர், பூச்சு வேலை முடியாத மேல்தளத்தில் ஒரு தூணருகே நின்று இதைக் காட்டினார்: அடுத்த மட்டத்துக்காக விட்டிருந்த கம்பிகளில் வளையங்களின் கொக்கிகள் சரியாகவே மடக்கப்பட்டிருந்தன, ஆனால் கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் இடையே இடைவெளி விட வைக்கும் கட்டையான கவர் பிளாக் ஓரிடத்தில் நழுவி, கம்பி பலகையை ஒட்டி நின்றது. கான்கிரீட் கொட்டியிருந்தால் அந்தப் பக்கத்தில் விரல் தடிமன் மறைப்புகூட இருந்திருக்காது. கடற்காற்றின் உப்பு மெதுவாக உள்ளே நுழைந்து, கம்பி துருவேறிப் பருத்து, மேலே உள்ள கான்கிரீட்டைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துத் தள்ள அதுவே போதும் என்றார். மேஸ்திரி முணுமுணுக்காமல் சரிசெய்தார். பார்ப்பவர் ஒருவர் இருந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

சிங்கப்பூரும் இதை எளிதில் கற்றுவிடவில்லை. 1986 மார்ச் 15 அன்று சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் முனையில், நம்மவர்கள் காய்கறி வாங்கப் போகும் வட்டாரத்தில், நியூ வேர்ல்டு ஹோட்டல் இருந்த ஆறு மாடிக் கட்டடம் இடிந்து 33 பேர் இறந்தனர். வடிவமைத்தபோது கட்டடத்தின் சொந்த எடையே கணக்கில் சேராமல் போயிருந்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு பொறியாளர் போட்ட கணக்கைத் தொடர்பில்லாத மற்றொரு பொறியாளர் சரிபார்த்தாக வேண்டும் என்றாக்கியது. வேலைப்பாட்டுக்கு மதிப்பெண் போடும் கான்குவாஸ் முறையும் அதே ஆண்டில்தான் வந்தது. அதில் ஈரமாகும் அறைகளில் நீர் கசிகிறதா என்ற சோதனையும் உண்டு. அப்படியும் பழைய வீவக வீடுகளின் குளியலறைக் கூரையில் கான்கிரீட் உதிர்வது எங்கள் வட்டாரத்தில் சாதாரணம்.

சென்னையில் மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்திலிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அருகில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அனுமதி பெற்ற கட்டடம் என்ற சொல்லை அதற்குப் பிறகும் முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்புத்தான்.

எங்கள் வீட்டில் கண்டுபிடித்த குறை அவ்வளவு பெரியதன்று. பொறியாளர் குளியலறையின் நீர்ப்போக்கியைத் துணியும் சிமெண்டும் வைத்து அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி இரண்டு இரவுகள் விட்டுவைத்தார். மூன்றாம் நாள் காலையில் கீழ்வீட்டுக் கூரையில், குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றித் தட்டு அகலத்துக்கு ஈரம். கட்டுநரின் மேற்பார்வையாளர், “கவலைப்படாதீங்க மேடம், பெயிண்ட் அடிச்சா தெரியாது” என்றார். தெரியாமல் போவதுதான் எங்கள் கவலை என்று அவருக்கு விளங்கவைக்க நேரமாயிற்று. கடைசியில் குழாயைச் சுற்றிக் கொத்தி, கலவை செலுத்தி, மறுபடி பூசி, மீண்டும் தண்ணீர் கட்டிக் காட்டினார்கள்.

வாங்குபவருக்கு இங்கே கையில் இருக்கும் வலுவான கருவி கட்டட விதியன்று, 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம். அதன் 14ஆம் பிரிவின்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ குறை தெரிவிக்கப்பட்டால், கட்டுநர் கட்டணமின்றி 30 நாளில் சரிசெய்ய வேண்டும். சிங்கப்பூரில் குறைநீக்கக் காலம் வழக்கமாக ஓராண்டு. அந்த வகையில் சென்னையின் சட்டம் தாராளமானது. ஆனால் அது கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் எழுத்தில் கேட்டால்.

வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் படுக்கையறை ஜன்னல் மூலையில் ஓதம் ஏறியது. படங்களோடு, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பினோம். ஆட்கள் வந்து வெளிப்புற விளிம்பை வெட்டி அடைத்துவிட்டு, எல்லாப் பணிகளும் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற தாளை நீட்டினார்கள். பின்பாதியை அடித்துவிட்டு, ஜன்னல் வேலைக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டோம்.