வட்டாரத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்

உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6இல் முடிந்தது. திருகோணமலையில் கட்சிக்காரர் திறந்த வட்டாரக் குரூப்புகள் மட்டும் இன்னும் முடியவில்லை. விடிந்தால் போதும், தலைவரின் படத்தோடு ஒரு காலை வணக்கம். அப்புறம் ஏதாவது கூட்டத்தின் டிக்டாக் துண்டு.

உள்ளூர்த் தேர்தலுக்கு இது நல்ல வழிதான், மறுக்கவில்லை. உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரங்களிலிருந்து வருவதால், நாடு முழுக்க ஓடும் வீடியோவைவிட எங்கள் ஒழுங்கைக்குள் சுற்றும் வாய்ஸ் நோட்டுக்குத்தான் மதிப்பு. வேட்பாளரே 'அக்கா, அண்ணே' என்று பேசினால் சனம் நின்று கேட்கும். வாக்களிப்புக்கு முன் பிரசாரம் கூடாத அந்த 48 மணிநேரத்தில் மேடையும் ஒலிபெருக்கியும் ஓய்ந்தன. வாய்ஸ் நோட்டு ஓயவேயில்லை.

சரி, எதிர்த்திசையில்? ஒரு குரூப்பில் பக்கத்து வீட்டு அக்கா படத்தோடு போட்டார்: "தம்பி, வாய்க்கால் அடைச்சுக் கிடக்கு, ஆரிட்டச் சொல்றது?" கைகூப்பும் இமோஜிகள் வரிசையாக வந்தன, பதில் வரவில்லை. அடுத்த நாள் 'அட்மின் மட்டுமே பதிவிடலாம்' என்று மாற்றிவிட்டார்கள். இதைத்தான் மேடையில் அடிமட்டத் தொண்டர்களோடு நேரடித் தொடர்பு என்கிறார்கள்! அக்கா குரூப்பை மியூட் பண்ணிவிட்டு, சபை அலுவலகத்துக்கே போய்க் கடிதம் கொடுத்திருக்கிறார்.