சாய்தளக் கணக்கில் கோணத்தைத் தேடாதீர்கள்

நீட் 2025 முடிவு வந்துவிட்டது. இடம் கிடைத்துவிடும் போலிருக்கிறது. கவுன்சலிங் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடாதே என்று அம்மா உத்தரவு போட்டிருப்பதால் மதிப்பெண்ணைச் சொல்லப் போவதில்லை. இந்த ஆண்டு பலரை அழவைத்தது இயற்பியல். அதில் உராய்வுள்ள சாய்தளத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எனக்குச் சோறு போட்ட பாடம் அது.

பயிற்சி மையத்தில் இதற்கென்று ஒரு தாள் நிறையச் சூத்திரங்கள் கொடுத்தார்கள். ஏறும்போது ஒரு முடுக்கம், இறங்கும்போது வேறொரு முடுக்கம், அடியை அடையும் வேகத்துக்குத் தனிச் சூத்திரம். மனப்பாடம் எனக்கு எட்டிக்காய். உங்களுக்கு இனிக்குமானால் இந்தப் பதிவு உங்களுக்கானதல்ல.

உராய்வு விசை மியூ எம்ஜி காஸ் தீட்டா (மியூ உராய்வுக் குணகம், எம்ஜி பொருளின் எடை, தீட்டா சரிவின் கோணம்). சரிவின் நீளம் எல் என்றால் இழக்கும் ஆற்றல் மியூ எம்ஜி எல் காஸ் தீட்டா. இங்கேதான் நிற்க வேண்டும். எல் காஸ் தீட்டா என்பது முக்கோணத்தின் அடிப்பக்கமே அல்லவா? ஆக, இழப்பு என்பது மியூ, எம்ஜி, அடிப்பக்கம் மூன்றின் பெருக்கல். கோணம் போயே போய்விட்டது! சமதளத்தில் சறுக்கும்போதும் இதே கணக்குதான். தொடக்கத்தில் இருக்கும் ஆற்றல் எம்ஜி, உயரம் இரண்டின் பெருக்கல்; அது முழுவதும் உராய்வில் தீர்ந்தால்தான் பொருள் நிற்கும். எனவே ஓய்வுநிலையிலிருந்து சறுக்கி வந்து சமதளத்தில் நிற்கும் பொருள், கிடைமட்டமாகக் கடந்த மொத்தத் தொலைவு உயரத்தை மியூவால் வகுத்தால் வந்துவிடும். உயரம் 2 மீட்டர், மியூ எங்கும் 0.25 என்றால் 8 மீட்டர். சரிவு 45 டிகிரி என்றால் அடிப்பக்கம் 2 மீட்டர். மீதி 6 மீட்டர் தரையில். இதற்கு வேகமும் வேண்டாம், முடுக்கமும் வேண்டாம்.

2013 நீட் தாளில் வந்த கணக்கையும் பாருங்கள். மேல் பாதி வழவழப்பு, கீழ்ப் பாதி சொரசொரப்பு, பொருள் அடியில் வந்து நிற்கிறது. உராய்வு பாதி அடிப்பக்கத்துக்கு மட்டும். அது மொத்த உயரத்தின் ஆற்றலையும் தின்றாக வேண்டும். மியூ = 2 டேன் தீட்டா. ஒரு வரி.

சரிவில் மேல்நோக்கி எறிந்த பொருள் பாதி வேகத்தில் திரும்பி வந்தால்? இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு போய்விட்டது; ஏற்றத்திலும் இறக்கத்திலும் சரிபாதியாக. மியூ 0.6 டேன் தீட்டா என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இது செல்லாத இடங்கள்:
- கிடைமட்டமாக யாராவது தள்ளினாலோ இழுத்தாலோ செங்குத்து விசை (தளம் தனக்குச் செங்குத்தாகப் பொருளைத் தாங்கும் விசை) மாறிவிடும்; அதோடு உராய்வும்.
- வளைந்த பாதை. அங்கே வேகமும் செங்குத்து விசையில் நுழைந்துவிடும்.
- டேன் தீட்டாவைவிட நிலை உராய்வுக் குணகம் பெரிதாக இருந்தால் ஓய்விலுள்ள பொருள் நகரவே நகராது. விடைகளில் ‘சுழி’ இருந்தால் முதலில் இதைச் சோதியுங்கள்.
- நழுவாமல் உருளும் வட்டு, கோளம். உராய்வு இருக்கும், ஆனால் இழப்பு இல்லை. உராய்வு என்ற சொல்லைக் கண்டதும் கழிக்க ஓடாதீர்கள்; மைனஸ் மதிப்பெண் காத்திருக்கிறது.

எல்லாரும் உயிரியலை முதலில் முடிக்கச் சொல்வார்கள். நான் இயற்பியலில்தான் தொடங்கினேன். 180 நிமிடத்தில் 180 கேள்வி. களைத்த மூளையோடு முக்கோணம் வரைய என்னால் ஆகாது.